மூடி போட்ட கோப்பை: மூலிகைத் தேநீர் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை மூலிகைத் தேநீர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதை வெறும் சுடுதண்ணீர் என்று நினைப்பதும் தவறு, சகல நோய்க்கும் மருந்து என்று நம்புவதும் தவறு. உடலில் வேலை செய்யும் பொருள்கள் அந்தக் கோப்பையில் இருக்கின்றன. அதனால்தான் எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு நேரம் ஊறவிடுகிறோம், யார் குடிக்கிறார் என்ற மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: உலர்ந்த புதினாவையும் துளசியையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் அடுப்பிலேயே வைக்கிறேன். வீடெல்லாம் மணக்கிறது. கோப்பையில் மட்டும் வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வீடு மணக்கிறது என்றீர்களே, அங்கேதான் தவறு நடக்கிறது. புதினாவின் மெந்தால், துளசியின் யூஜினால் என்ற மணப்பொருள்கள் சூட்டில் எளிதாக ஆவியாகக் கூடியவை. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் நீராவியோடு சேர்ந்து அவையும் கிளம்பிவிடும். பாத்திரத்தில் மிஞ்சுவது நிறமும் கசப்பும்தான்.

இலைக்கும் பூவுக்கும் அடுப்பு வேண்டாம், ஊறல் போதும். 200 மி.லி. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். இலையைப் போடுமுன் கோப்பையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான், ஊற்றியவுடனே சூட்டை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த இலை என்றால் குவித்து ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிராம். பச்சை இலை என்றால் எடையில் மூன்று மடங்கு. போடும் அந்த நொடியில் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை கசக்குங்கள், முன்கூட்டியே கசக்கி வைக்க வேண்டாம். கொதிநீரை ஊற்றியதும் கோப்பையின் மேல் சரியாகப் படியும் தட்டையோ மூடியையோ வையுங்கள். இலைக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம், பூவுக்குப் பத்து நிமிடம் வரை. திறக்கும்போது மூடியின் அடியில் கோத்திருக்கும் நீர்த்துளிகளைக் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். நீங்கள் இழந்துகொண்டிருந்த மணம் அதில்தான் இருக்கிறது.

இன்னும் திடமாக வேண்டும் என்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் போனால் மணம் கூடுவதைவிடக் கசப்பும் துவர்ப்பும் வேகமாகக் கூடும். வடிகட்டும்போது கரண்டியால் அழுத்திப் பிழிவதும் அதே வேலையைத்தான் செய்யும். உருண்டை வடிகட்டிக்குள் மூலிகையை அடைத்துப் போடுபவர்கள் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஊறினால் இலை பருக்கும். நெருக்கமாக அடைத்திருந்தால் நடுவில் உள்ள இலைக்குத் தண்ணீரே போய்ச் சேராது.

பச்சைத் தேயிலைக்கு 70, 80 டிகிரி போதும் என்று படித்துவிட்டு மூலிகைக்கும் ஆறிய நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. தேயிலையில் துவர்ப்பு ஏறாமல் இருக்கவே அந்தக் கணக்கு. உலர்மூலிகைக்குக் கொதிநீர்தான் வேண்டும். மணத்துக்காக மட்டுமல்ல, கிருமிக்காகவும்தான். அது பின்னால் வருகிறது.

கேள்வி: இஞ்சி, பட்டை, சோம்பு, துளசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைக்கலாமா?

பதில்: ஒன்றாகக் குடிக்கலாம், ஆனால் ஒன்றாகப் போடக் கூடாது. வேரும் பட்டையும் கெட்டியானவை, அவற்றிலிருந்து சாரம் இறங்க நேரமும் சூடும் வேண்டும். இலை அந்தச் சூட்டைத் தாங்காது. 300 மி.லி. தண்ணீரில் கட்டைவிரல் நுனி அளவு இஞ்சியைத் தட்டியோ மெல்லியதாக அரிந்தோ போட்டு, ஒரு சிறு துண்டு பட்டையும் சேர்த்து, மூடி வைத்துச் சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆவியாகிப் போவது போக ஒரு பெரிய கோப்பை அளவு மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு, நசுக்கிய சோம்பு அரைத் தேக்கரண்டியும் துளசி இலையும் போட்டு மூடி இன்னொரு ஐந்து நிமிடம் விடுங்கள். சோம்பு, ஏலம் போன்றவற்றை முழுதாகப் போட்டால் எண்ணெய் தோலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நசுக்கி டப்பாவில் வைத்தாலோ அது காற்றில் போய்விடும். போடுவதற்குச் சற்று முன் நசுக்குவதுதான் சரி.

இஞ்சிக்குப் பதில் சுக்கு என்றால் அளவைக் குறையுங்கள். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் அதிகம். ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி சுக்குத்தூள் போதும்.

தினமும் பட்டை போடுபவர்கள் எந்தப் பட்டை என்று பாருங்கள். தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருப்பது காசியா வகை. மெல்லிய ஏடுகள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் நொறுங்குவது உண்மையான இலவங்கப்பட்டை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவு மீறினால் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் கூமரினைத்தான் ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. எப்போதாவது குடிப்பவருக்கு இதில் கவலையில்லை. ஒவ்வொரு நாளும் குடிப்பவர் மெல்லிய பட்டைக்கு மாறுவது நல்லது.

கேள்வி: தூக்கத்துக்காகச் சீமைச்சாமந்தி (கெமோமைல்) தேநீர் குடிக்கிறேன். தூக்கம் வருகிறது, ஆனால் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறேன். அளவு போதவில்லையா?

பதில்: எப்போது குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. படுக்கப் போகும் நேரத்தில் ஒரு பெரிய கோப்பை குடித்தால் நள்ளிரவில் எழுப்புவது பெரும்பாலும் சிறுநீர்ப்பைதான். படுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு 150 மி.லி. மட்டும் குடித்துப் பாருங்கள்.

அளவும் குறைவாக இருக்கலாம். சீமைச்சாமந்திப் பூ மிக லேசானது, கரண்டி நிறைய எடுத்தாலும் ஒரு கிராம் தாண்டாது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குறிப்பு 150 மி.லி. கொதிநீருக்கு ஒன்றரை முதல் நான்கு கிராம் வரை சொல்கிறது. அதனால் குவித்து இரண்டு கரண்டி போடலாம். முழுப்பூவாக வாங்குங்கள். தூளாக்கிப் பையில் அடைத்ததில் காம்பும் இலையும் கலந்திருக்கலாம்.

இந்தப் பூவில் உள்ள அபிஜெனின் என்ற பொருள் மூளையில் அமைதிப்படுத்தும் ஏற்பிகளோடு ஒட்டுகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. மனிதரில் தூக்கத்துக்குக் கிடைத்த சான்று மிதமானதுதான். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால் அதற்குத் தேநீர் தீர்வல்ல, மருத்துவரைப் பாருங்கள். இரண்டு பேர் இந்தப் பூவைத் தவிர்க்க வேண்டும்: சாமந்தி, சூரியகாந்திக் குடும்பப் பூக்களின் மகரந்தத்தால் ஒவ்வாமை வருபவர், வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்.

கேள்வி: சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல். வயிற்றுக்கு நல்லது என்று பெப்பர்மிண்ட் தேநீர் குடித்தால் எரிச்சல் கூடுகிறது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்வது எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: மெந்தால் குடல் தசையைத் தளர்த்துகிறது. வயிற்று உப்புசத்தில் அது இதமாக இருப்பதற்கும் உங்களுக்கு எரிச்சலைக் கூட்டுவதற்கும் காரணம் ஒன்றே. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசையும் அதோடு தளர்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது. உங்களுக்குப் புதினா வகையே வேண்டாம். சீமைச்சாமந்தியோ மிக லேசான இஞ்சித் தேநீரோ ஒத்துக்கொள்ளலாம். எதுவானாலும் சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். எரிச்சலூட்டும் குடல் நோய்க்குப் பலன் தந்ததாக ஆய்வுகள் சொல்வது, குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட பெப்பர்மிண்ட் எண்ணெய் மாத்திரைகளை. அந்தப் பலனைத் தேநீருக்கு அப்படியே எழுதிவிட முடியாது.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்தம் 138/86. மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. செம்பருத்தித் தேநீர் குறைக்கும் என்கிறார்கள். தோட்டத்துச் செம்பருத்தியைப் பயன்படுத்தலாமா?

பதில்: இந்தத் துறையில் ஓரளவு திடமான சான்று உள்ள மூலிகைகளில் இது ஒன்று, அதனால் விரிவாகவே சொல்கிறோம். முதலில் செடி. ஆய்வுகளில் பயன்பட்டது தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சகீரைச் செடியின் ஒரு வகை அது. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு வளரும் சிவப்புப் புல்லிவட்டத்தை உலர்த்தி எடுக்கிறார்கள். ஊறவைத்தால் அடர் சிவப்பும் நல்ல புளிப்பும் வரும். உங்கள் தேநீர் புளிக்கவில்லை என்றால் அது அந்தச் செடி அல்ல.

2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை எடுக்காத, அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த 65 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாளுக்கு மூன்று கோப்பை இந்தத் தேநீரையும் மற்றது அதே சுவையுள்ள போலி பானத்தையும் ஆறு வாரம் குடித்தன. தேநீர்க் குழுவில் மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது, மற்றதில் 1.3 புள்ளி. கீழ் அளவில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. உங்களைப் போன்ற அளவில் இருப்பவருக்கு இது பயனுள்ள இறக்கம்தான். ஆனால் நாளும் மூன்று கோப்பை, வாரக்கணக்கில், விடாமல் குடித்ததன் பலன் அது. வாரம் ஒருமுறை குடித்து எதிர்பார்ப்பது வீண். உப்பைக் குறைப்பதையும் நடையையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவதும் அப்படியே.

ஒரு கோப்பைக்கு உலர்ந்த புல்லிவட்டம் ஒன்றரை முதல் இரண்டு கிராம், கொதிநீர் 240 மி.லி., மூடி வைத்து ஆறு நிமிடம். அலுமினியம், செம்புப் பாத்திரங்கள் கூடாது, இந்தப் புளிப்பு உலோகத்தை அரித்துத் தண்ணீரில் கலக்கும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் மூன்றும் சரி. பல்லின் எனாமலையும் அமிலம் மென்மையாக்கும். அதனால் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். பல் துலக்க அரை மணி நேரமாவது போகட்டும்.

அழுத்த மாத்திரையோ நீர் பிரிக்கும் மாத்திரையோ தொடங்கிவிட்டால் இந்தத் தேநீர் பற்றி மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அளவுக்கு மேல் இறக்கலாம்.

கேள்வி: இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். தேயிலையும் காபியும் கூடாது என்றார்கள். காஃபீன் இல்லாத மூலிகைத் தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. இரும்பைத் தடுப்பது காஃபீன் அல்ல, பாலிஃபீனால் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள். அவை மூலிகைகளிலும் உண்டு. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு குடித்தபோது பெப்பர்மிண்ட் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 84 சதவீதம் குறைத்தது. கறுப்புத் தேநீர் குறைத்தது 79 முதல் 94 சதவீதம் வரை. அதாவது பெப்பர்மிண்ட் ஏறக்குறைய தேயிலைக்கு இணை. சீமைச்சாமந்தி 47 சதவீதம்.

இது தாவர உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புக்குப் பொருந்தும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தேநீரை அடியோடு விடத் தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: உடல் கழிவை வெளியேற்றும், எடை குறைக்கும் என்று சொல்லி விற்கும் மூலிகைத் தேநீர் பலன் தருமா? முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது.

பதில்: பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சென்னா அல்லது நிலவாவாரை என்று எழுதியிருந்தால் அது பேதி மருந்து. குறைந்த ஒன்றரைக் கிலோ தண்ணீரும் மலமும்தான், கொழுப்பு அல்ல. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுப்பது வேறு. வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம், குடலும் அதில்லாமல் இயங்க மறுக்கலாம். நிறுத்திவிடுங்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

கேள்வி: மனம் ஒன்றித் தேநீர் தயாரிப்பது ஒரு பயிற்சி என்று படித்தேன். முயன்றால் அலுவலகக் கவலைதான் வருகிறது. இதில் உண்மையிலேயே பலன் உண்டா? எப்படிச் செய்வது?

பதில்: பலன் உண்டு, அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய எட்டு வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சிதான் மருத்துவ உலகில் இதற்கு வழி திறந்தது. ஓர் உலர்ந்த திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று உண்பது அந்தப் பயிற்சியின் பெயர்பெற்ற பாடங்களில் ஒன்று. தேநீர் தயாரிப்பும் அதே முறையில் அமைந்ததுதான். பதற்றமும் மன அழுத்தமும் குறைவதாகச் சான்று இருப்பது வாரக்கணக்கில் தொடர்ந்து செய்த பயிற்சிக்கு. ஒரு கோப்பை ஒரே நாளில் எதையும் மாற்றிவிடாது.

மூலிகைத் தேநீர் இதற்கு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம், அது உங்களைக் காத்திருக்க வைக்கிறது. அவசரப்படுத்த முடியாத ஏழு நிமிடம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அலைபேசியை வேறு அறையில் வையுங்கள், நேரம் பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும். ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து ஊற்றி அடுப்பை ஏற்றியதும் காதைக் கொடுங்கள். முதலில் சிறு சலசலப்பு. அடியில் உருவாகும் ஆவிக் குமிழிகள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் நுழைந்து உடைந்துபோகும் ஒலி அது. அது வளர்ந்து இரைச்சலாகும். முழுக்கொதிக்குச் சற்று முன் ஒலி திடீரென்று தணியும், ஏனென்றால் இப்போது நீர் முழுவதும் சூடேறிவிட்டது, குமிழிகள் உடையாமல் மேற்பரப்பு வரை வருகின்றன. பிறகுதான் தளதளவென்ற கொதி. அந்தத் தணிவைத் தவறவிடாமல் பிடிப்பதே முதல் பயிற்சி. கவலையில் மூழ்கியிருந்தால் அது கேட்காது, ஆகவே உங்கள் கவனம் எங்கே இருந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூலிகையை உள்ளங்கையில் எடுத்து நிறத்தைப் பாருங்கள், கசக்குங்கள், முகருங்கள். கொதிநீரை ஊற்றி மூடுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வேறு வேலைக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள், உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்கட்டும். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடலாம். மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும், நீளமாக விட்டால் அந்த மெதுவான நேரம் கூடுகிறது. தலை கிறுகிறுத்தால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இப்போது அலுவலகக் கவலை வரும். வரட்டும். வந்ததைக் கவனித்து, மறுபடி கோப்பையின் சூட்டுக்கோ மூச்சுக்கோ திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஏழு நிமிடத்தில் இருபது முறை கவனம் போய் இருபது முறை நீங்கள் திரும்பினால், இருபது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். மனம் வெறுமையாக வேண்டும் என்று காத்திருப்பவர்களே இதைப் பாதியில் கைவிடுகிறார்கள்.

மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறங்கள், முதல் ஆவி தோலைச் சுடும். பிறகு முகருங்கள். முதல் வாயை விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். மணம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த வழியாக வரும் மணமே. ஐயமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் புதினாத் தேநீர் குடித்துப் பாருங்கள். லேசான கசப்பும் நாக்கில் ஒரு குளிர்ச்சியும்தான் தெரியும். விரலை எடுத்ததும் புதினா வந்துவிடும்.

தனிக் கோப்பை, தனித் தட்டு, விலையுயர்ந்த கெண்டி எதுவும் தேவையில்லை. பொருள் சேரச் சேரக் கவனம் அதன் மேல் போய்விடும். அவசரமான காலையில் இதைத் திணிக்காதீர்கள். நாளில் பதினைந்து நிமிடம் உண்மையிலேயே ஓய்வான வேளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பதற்ற நோயுள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் மூச்சைக் கவனிக்காமல், வெளியே இருக்கும் ஒலியையோ கையில் படும் சூட்டையோ பிடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆறினால் மருத்துவக் குணம் போய்விடும் என்று கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது சரியா?

பதில்: சரியல்ல. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. எந்த பானம் என்பதல்ல, சூடுதான் காரணம். வடிகட்டிய பிறகு சில நிமிடம் ஆறவிடுங்கள். ஊதி ஊதி உறிஞ்ச வேண்டியிருந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். ஆறுவதால் குணம் எதுவும் போவதில்லை.

கேள்வி: சூடான தேநீரில் தேன் விட்டால் விஷமாகுமா?

பதில்: ஆகாது. தேனை நெடுநேரம் காய்ச்சினால் ஹெச்எம்எஃப் என்ற பொருள் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கோப்பையில் விடும் ஒரு கரண்டித் தேனில் உருவாவது மிகச் சொற்பம். தேனின் மணம் கெடாமல் இருக்க, ஆறிய பிறகு விடுங்கள். நீரிழிவுக்காரருக்கு அது சர்க்கரையேதான், கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கர்ப்ப கால வாந்திக்கு இஞ்சித் தேநீர் குடிக்கலாமா? குழந்தை பிறந்ததும் வயிற்று வலிக்கு அதற்கும் சோம்புத் தண்ணீர் கொடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: இஞ்சி குமட்டலைக் குறைப்பதாக நல்ல சான்று இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட அளவு நாளுக்கு ஒரு கிராம் உலர் இஞ்சி. அந்த வரம்புக்குள் சிறு கோப்பையாக இரண்டு மூன்று முறை குடிக்கலாம், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. தண்ணீர்கூட நிற்காத அளவு வாந்தி என்றால் தேநீரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் அதிமதுரம், சென்னா, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கலவைத் தேநீர் மூன்றையும் தவிருங்கள்.

குழந்தைக்கு எங்கள் பதில் உறுதியாக வேண்டாம் என்பதுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் தேவையில்லை. சோம்புத் தேநீரை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதில்லை. 2002, 2003-இல் ஜெர்மனியில், சோம்பு வகை விதை கலந்த மூலிகைத் தேநீரால் கைக்குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்று பரவியது. வெயிலில் காயும் மூலிகையில் கிருமி இருக்கக்கூடும். கொதிநீர்தான் வேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான். அன்னாசிப்பூத் தேநீரும் ஆபத்து. அதைப் போலவே தோற்றம் தரும் ஜப்பானிய வகை நச்சுத் தன்மை கொண்டது, கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகளுக்குப் பிறகு 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. தேனும் ஒரு வயது வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளைக் குழந்தையின் குடல் சமாளிக்காது.

கேள்வி: சர்க்கரையை விட்டுவிட்டேன். இனிப்புக்காக அதிமதுரத் தேநீரை நாளுக்கு நான்கு முறை குடிக்கிறேன். கால் வீங்குகிறது. தொடர்பு உண்டா?

பதில்: இருக்க வாய்ப்பு மிக அதிகம். இன்றே நிறுத்திவிட்டு, இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் பரிசோதியுங்கள். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை முடக்குகிறது. முடங்கினால் உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. வீக்கம், உயர் அழுத்தம், தசைத் தளர்ச்சி, சிலருக்கு இதயத் துடிப்புக் கோளாறு. நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு சொல்லியிருக்கிறது. வேரில் அது எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறுவதால் வீட்டில் அளக்க வழியில்லை. தொண்டைக் கரகரப்புக்கு ஓரிரு நாள் குடிப்பது வேறு, தினசரி இனிப்பாக வைத்துக்கொள்வது வேறு. அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி: மஞ்சள் தேநீரில் அடியில் தூள் தங்கிவிடுகிறது. அதை வடிகட்டிவிட்டுக் குடிக்கலாமா?

பதில்: மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, அதனால் வடிகட்டினால் அதில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறீர்கள். தூளோடு குடியுங்கள், சிறிது கொழுப்பும் ஒரு சிட்டிகை மிளகும் சேர்த்தால் உடல் கூடுதலாக ஏற்கும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் ஒரு லிட்டர் தயாரித்துவிட்டால் நாள் முழுக்கக் குடிக்கலாமா? மூலிகையை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பதில்: வடிகட்டி, ஆறியதும் மூடிய கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். மூலிகையை உள்ளேயே விட்டு வைத்தால் கசந்துவிடும். வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் மேசையில் வைப்பதும், வெயிலில் வைத்து ஊறவிடுவதும் கூடாது. அந்தச் சூட்டில் கிருமி சாகாது, பெருகும். சூடாறாத குடுவையில் வைப்பதென்றால் குடுவையைக் கொதிநீரால் கழுவி, சூடு தணியாமல் ஊற்றி, நான்கைந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உலர்ந்த இலையும் பூவும் ஒரு வருடம், வேரும் பட்டையும் இரண்டு வருடம் வரை நன்றாக இருக்கும். ஒளி, ஈரம், சூடு மூன்றும் எதிரிகள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி மூலிகைக்கு மோசமான இடம். ஈரக் கரண்டியைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் மேலே உள்ளதை மட்டும் எடுத்தெறிந்தால் போதாது, டப்பா முழுவதையும் கொட்டிவிட வேண்டும். வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். கசக்கி முகர்ந்தால் மணம் வராத இலையில் இனி ஊறவைக்க எதுவும் மிச்சமில்லை. பொடியாக வாங்கியதை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.